பெயர் சொல்லும் காசு

திருகோணமலைத் துறைமுகத்தைப் பிரித்தானியக் கடற்படை 1957இல் விட்டுச் சென்றது. துறைமுகம் உள்ள ஊரில் மாலுமி இருப்பான். அவனை நம்பி வயிறு வளர்க்கும் பெண்ணும் இருப்பாள். இது உலகறிந்த செய்தி. அவளைக் குறிக்க இழிசொற்களைக் குவித்து வைத்திருக்கும் நம் மொழியில், அவள் வருவாய் எவ்வழி வருகிறது, எங்கே தங்குகிறது என வினவிய எழுத்தை நாம் அதிகம் கண்டதில்லை. நாணயத்தாளின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துவரும் இந்நாளில் அவ்வினாவை ஒதுக்குதல் இயலாது.

நாணயத்தாளுக்கு ஞாபகம் இல்லை. கொடுத்தவன் யார், பெற்றவள் யார் என்பதை அது எவரிடமும் சொல்லாது. பிற தொழில்களில் ஒருவரையொருவர் அறிவதால் நம்பிக்கை வளரும். இத்தொழிலிலோ, அறியாதிருக்க இருவரும் உடன்படுவதால் அது நிலைக்கிறது. மின்வழிக் கொடுப்பனவு அவ்வுடன்பாட்டைக் குலைக்கிறது. 2018இல் மத்திய வங்கி வகுத்த லங்கா கியூஆர் முறை கடைக்காரருக்கு வரப்பிரசாதமே. ஆயினும் அடையாள ஆவணமின்றி வங்கிக் கணக்கு இல்லை. கணக்குக்குரிய பெயர் அனுப்புவோன் திரையில் தோன்றக்கூடும். அவன் பெயரோ அவள் கணக்கறிக்கையில் தங்கிவிடலாம். நம் பகுதியில் பெயர் வெறும் பெயரன்று. தந்தை யார், சமயம் எது என்பதை அதுவே சொல்லிவிடும். மூதூரிலோ இலங்கைத்துறையிலோ உறவினரைத் தேடிப் பிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? மிரட்டிப் பணம் பறிக்க நினைப்பவனுக்கு அதுவே முதல்.

தன் பெயரை மறைக்க அவள் வேறொருவன் கணக்கை நாடினால், ஒதுங்கியிருந்த தரகன் மீண்டும் உள்ளே வருகிறான். அவனும் தப்பான்: இத்தொழிலின் வருவாயில் வாழ்வதை 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம் குற்றமாக்குகிறது. உடலை விற்பது தன்னளவில் இலங்கையில் குற்றமன்று. அதனைச் சூழ்ந்த ஏறக்குறைய யாவும் குற்றம். விந்தையான ஏற்பாடுதான்!

அதற்காக ரொக்கமே நன்று என்றும் கூறிவிட முடியாது. இடுப்பில் முடிந்த பணத்தைப் பறிப்போர் பலர், சேமிக்கவோ வழியில்லை. கல்கத்தாவின் சோனாகாச்சிப் பெண்கள் இதனை உணர்ந்தே 1995இல் உஷா கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். உறுப்பினர் நல்லொழுக்கமுடையோராய் இருத்தல் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என எழுதிக்கொள்ளுங்கள் என்ற யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. தம் தொழிலைத் தொழிலாகவே எழுதுவித்தனர். பலர் கூடி உரைத்ததால் அப்பெயர் அவர்களுக்குக் காவலாயிற்று. தனியொருத்திக்கு அத்துணிவு எங்ஙனம் வரும்?

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில், இப்பெண்களுக்கு ஆதார் அட்டை வழங்கப்பட வேண்டும், ஆனால் அவர்தம் தொழிலைக் காட்டும் எக்குறியீடும் அதில் இருத்தலாகாது எனப் பணித்தது. அடையாளமும் வேண்டும், அந்தரங்கமும் வேண்டும் என்ற இந்நோக்கு நமக்கும் ஏற்றது. நீதவானின் ஆணையின்றி ஒரு பெண்ணின் வங்கிப் பதிவை அவளது ஒழுக்கத்துக்குச் சான்றாகக் கொணர இடமளிக்கலாகாது என்பது எம் கருத்து. இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. 1841ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒத்திவைக்க எவருக்கும் தோன்றவில்லை.