370 ஓட்டு ஊர்க்காரர்களுக்கு

இந்த வாரம் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டதால் குற்றாலத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மெயினருவிக்குப் போகும் வழியில் நான் வழக்கமாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கும் கடையில், வாக்காளர் கணக்கீட்டுப் படிவம் இரண்டு பிரதியும் தராசுக்கு அடியில் எண்ணெய் ஊறிக் கிடந்தன. பட்டியல் திருத்த வேலையில் இருக்கும் அங்கன்வாடி டீச்சர் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனது. போட்டோ ஒட்டவில்லை, கையெழுத்தும் இல்லை. ஏன் தம்பி என்று கேட்டேன். "எவனுக்குப் போட்டு என்ன அண்ணாச்சி? எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டை. பட்டியல்ல பேரு இருந்தா என்ன, போனா என்ன?" என்றார். முப்பது வயதுகூட ஆகாதவர், பட்டப்படிப்பு முடித்தவர்.

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் மக்கள் படும் பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். என்னால் அந்த மட்டையை விட்டு நகர முடியவில்லை.

வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம், தென்காசித் தொகுதிக்காரர் சொல்லலாமா? 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரஸின் பழனி நாடாரை 462 ஓட்டில் வென்றார். 2021-இல் அதே இருவர் மறுபடி மோதினார்கள். பழனி நாடார் 89,315, செல்வமோகன்தாஸ் பாண்டியன் 88,945. வித்தியாசம் 370. வழக்கு நடந்து, 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணினார்கள், வென்றவர் மாறவில்லை. தொகுதியில் முன்னூறுக்கு மேல் வாக்குச்சாவடிகள் உண்டு. 370-ஐப் பங்கிட்டால் சாவடிக்கு ஒன்றரை ஓட்டுகூடத் தேறாது. 186 பேர் விரலை அடுத்த பொத்தானுக்கு நகர்த்தியிருந்தால் வேறொருவர் கோட்டைக்குப் போயிருப்பார். தேர்தல் நாள் வெயிலில் சாவடிப் பக்கமே வராதவர்கள் பல்லாயிரம் பேர்.

பக்கத்து மாவட்டத்து ராதாபுரம் இதைவிட மோசம். 2016-இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 ஓட்டில். செல்லாது என்று ஒதுக்கிய 203 தபால் ஓட்டுகளுக்காக வழக்கு. 2019-இல் மறுபடி எண்ணியும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே அதற்குள் முடிந்துபோனது.

சிப்ஸ் கடைத் தம்பி கடைசியில் ஒன்று சொன்னார். "அப்படியே போனாலும் நோட்டாதான். ஞாநியே சொல்லியிருக்காருல்லா?" இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எழுத்தாளர் ஞாநி மேல் எனக்குள்ள பிரியம் தெரியும். அவருடைய 'ஓ பக்கங்கள்' தொகுப்புகள் என் மேசையை விட்டு இறங்கியதில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காருவதை நான் ஒப்பமாட்டேன்.

அவர் 49-ஓ பற்றிப் பேசிய காலத்தில் நோட்டா பொத்தானே கிடையாது. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு மூலையில் கிடந்த விதி அது. வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, 'யாருக்கும் என் ஓட்டு இல்லை' என்று சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் 17-ஏ பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். அதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். கட்சி ஏஜென்டுகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொந்த ஊரில் அதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ரகசியம் போய்விடுகிறது என்பதால்தான் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தனிப் பொத்தான் வைக்கச் சொன்னது. ஞாநி கேட்டது அரசியலை விட்டு விலகுவதை அல்ல, சாவடிக்குள் நுழைந்து பெயர் சொல்லி எதிர்ப்பதை.

அதோடு அவர் நிற்கவில்லை. 2014-இல் ஆலந்தூர் இடைத்தேர்தலில் ஆம் ஆத்மி வேட்பாளராகத் தானே களம் இறங்கினார். யாரும் சரியில்லை என்று அத்தனை ஆண்டுகள் எழுதியவர், தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டார். தோற்றார். 2018 ஜனவரியில் இறக்கும்வரை அரசியலை எழுதிக்கொண்டேதான் இருந்தார். எனக்குப் பிடித்த ஞாநி, ஆலந்தூரில் கைகூப்பி நின்ற அந்த ஞாநிதான்.

தம்பி சொன்ன நோட்டாவுக்கு வருவோம். அது அதிக ஓட்டு வாங்கினாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் சட்டமன்ற உறுப்பினர். நாம் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் தென்காசிக்கு ஒருவர் வந்தே தீருவார். புளியரை வழியாகக் கேரளாவுக்கு இரவும் பகலும் போகிற ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்பவரா, குவாரிக்காரரோடு ஒட்டி உறவாடுபவரா? இரண்டு பேரும் உத்தமர்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் லாரி சக்கரத்துப் புழுதியைத் தினமும் விழுங்கும் செங்கோட்டைச் சாலைக்காரர்களுக்கு அந்த இருவரும் ஒன்றல்ல. குறைந்த கேடு எவரால் என்று பார்த்துப் போடும் ஓட்டு இழிவான ஓட்டு இல்லை. போட்ட மறுநாளே அவரிடம் போய்க் கேள்வி கேட்கவும் அது தடையில்லை.

சட்டமன்றத் தேர்தல் மறுபடி வரும். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-இல் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். வழக்கு உள்ளவர் அதைப் பத்திரிகையில் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். வேட்பாளர் பட்டியல் வந்ததும், எதிரெதிரே நிற்கும் முக்கியமான இரண்டு பேரின் பத்திரத்தையாவது படித்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.