தொலைபேசியின் சாவி யாரிடம்?

அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் தொலைபேசிக்குத் தனியிடம் உண்டு. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாநகரங்களில் 1882 ஜனவரி 28-ஆம் நாள் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. அன்று தொட்டு நெடுங்காலம் இணைப்பகத்தில் ஓர் ஆள் அமர்ந்திருந்தார்; அவர் கை பட்டால்தான் நம் குரல் அடுத்தவர் காதை எட்டும். அந்த ஆளை அகற்றியவர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமச் சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்துப் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயமே அவரைத் தானியங்கி இணைப்பகத்தைக் கண்டுபிடிக்க வைத்தது என்று கதை சொல்வார்கள். 1891-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கதையில் மெய் எவ்வளவோ, அது எழுப்பும் கேள்வி மெய்யானது: நடுவில் அமர்ந்திருப்பவரை நம்பலாமா?

அக்கேள்வி இன்று வேறு வேடம் பூண்டு நம் அலுவலகங்களுக்குள் வந்திருக்கிறது. பழைய இன்டர்காம் பெட்டி போய், இணையத்தின் வழி இயங்கும் இணைப்பகம் வருகிறது. ஒரு சிறு கணினி. அதனுள் 1999-இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் போன்ற ஒரு மென்பொருள். கிளை எண்ணை மாற்றுவது, புதியவருக்கு இணைப்புத் தருவது, யார் வெளியூர் பேசலாம் என்று வரையறுப்பது எல்லாம் ஒரே திரையில் முடிந்துவிடும். அத்திரையை அலுவலகத்தில்தான் திறக்க வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் இருந்தபடியும் திறக்கலாம்.

இது நமக்குத் தேவையா? தேவை என்பதே என் துணிபு. அரூரிலோ பென்னாகரத்திலோ ஓர் அலுவலகத்தின் இணைப்பகம் படுத்துவிட்டால், பழுது பார்ப்பவர் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பேருந்தேறி வரவேண்டும். வந்தபின் பத்து நிமிட வேலை. அதுவரை மனுக்கொடுத்தவர் மணியடித்துக்கொண்டே இருப்பார், எடுப்பார் இல்லை. நம்மைப் போன்ற ஊர்களை எண்ணித்தான் சி-டாட் நிறுவனம் 128 இணைப்புக்கான கிராமத் தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கி, 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதன்முதலாக அமைத்தது. குளிர்சாதனம் வேண்டாம், வெயிலையும் புழுதியையும் தாங்கும் என்பதே அதன் பெருமை. வல்லுநர் அருகில் இல்லாத ஊருக்கு ஏற்ற கருவி வேண்டும் என்ற எண்ணத்தின் அடுத்த படியே தொலைவிலிருந்து பராமரிப்பது.

ஆனால் அது எப்படி அமைக்கப்படுகிறது என்பதில்தான் வம்பு இருக்கிறது. நிறுவ வருபவருக்கு அவசரம். மேலாண்மைத் திரையை இணையம் முழுவதற்கும் திறந்து வைத்துவிடுகிறார். அல்லது மூலையில் ஒரு கணினியை இரவு பகலாக எரியவிட்டு, எனிடெஸ்க் போன்ற செயலியில் நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார். கிளை எண் 201 என்றால் அதன் கடவுச்சொல்லும் 201! வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டு பீரோவைப் பூட்டி என்ன பயன்?

யார் வந்து திருடப் போகிறார்கள் என்று கேட்கலாம். உலகெங்கும் இத்தகைய திறந்த கதவுகளைத் தேடித் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. அவற்றுக்குத் தருமபுரியும் ஒன்றுதான், நியூயார்க்கும் ஒன்றுதான். உள்ளே புகுந்தவர்கள், கட்டணம் மிகுந்த அயல்நாட்டு எண்களுக்கு இரவிலும் விடுமுறையிலும் ஓயாது அழைப்பார்கள். அக்கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு, பில் நமக்கு. 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏழே பேர் பணிபுரிந்த ஒரு கட்டடக்கலை அலுவலகத்துக்கு, ஒரே வார இறுதியில் 1,66,000 டாலர் பில் வந்தது. காம்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் மாலத்தீவுக்கும் பேசியதாம் அந்த அலுவலகம்! பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸ் என்னும் புகழ்பெற்ற மென்பொருளில் ஓர் ஓட்டையைத் தாக்குவோர் பயன்படுத்தினர். மேலாண்மைத் திரையை இணையத்தில் திறந்து வைத்திருந்தோரே அதில் அகப்பட்டனர்.

அந்நாளில் தொலைபேசியின் சுழலும் வட்டில் ஒரு சிறு பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை மேலாளர் சட்டைப் பையில் வைத்திருப்பார். விரல் வித்தை தெரிந்தவர்கள் ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தாளத்தோடு தட்டியே எண்ணை அனுப்பிவிடுவார்கள் என்பது வேறு. ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதாவது அனைவருக்கும் தெரிந்திருந்தது. இன்று எத்தனை அலுவலகத் தலைவர்களுக்கு அது தெரியும்?

செய்ய வேண்டியது கடினமன்று. திரையை நேரடியாகத் திறக்காமல், வி.பி.என். எனப்படும் மறைகுறிப் பாதை ஒன்றை முதலில் அமைக்க வேண்டும். அதன் வழி வருபவருக்கே திரை தெரிய வேண்டும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் ஆகியவை விலையின்றியே கிடைக்கின்றன. வருபவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிச் சாவி. அயல்நாட்டு அழைப்பு வேண்டாத அலுவலகத்தில் அதை அறவே அடைத்துவிடலாம். ரேஷன் அட்டைக்கு மனு வாங்கும் இடத்திலிருந்து சோமாலியாவுக்குப் பேச வேண்டிய அவசியம் என்ன?

நான் வற்புறுத்த விரும்புவது தொழில்நுட்பத்தை அன்று, உரிமையை. நிறுவியவர் வேலையை விட்டுப் போகிறார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. ஒப்பந்தம் முடிந்தும் பழைய நிறுவனத்தின் கை உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்தவர் வெளியே, காசு வாங்கியவர் உள்ளே! ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு வரி வேண்டும்: தலைமைக் கடவுச்சொல் அலுவலகத்துக்கே உரியது. அதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, பணப்பெட்டிச் சாவி இருக்கும் இடத்திலேயே வைக்கலாம். தொலைவிலிருந்து யார், எந்த நாளில், எதற்காக உள்ளே வந்தார் என்பதை எழுத ஒரு பதிவேடு போதும். பார்வையாளர் ஏடு இல்லாத அலுவலகம் நம் மாவட்டத்தில் அரிது. அதில் இன்னும் இரண்டு பத்திகள் கோடு போடுவதற்கு அரசாணை ஒன்றும் வேண்டியதில்லை.