எலுமிச்சையில் செதில் பூச்சி: மறுபடி மருந்து அடிக்கும் முன் சுரண்டிப் பாருங்கள்

கேள்வி: “கரிசல் காட்டில் கிணற்றை ஒட்டி 40 எலுமிச்சை மரங்கள் நிற்கின்றன. கிளையெல்லாம் பழுப்பாகப் பொறுக்கு மாதிரி ஒட்டியிருக்கிறது. இலை கரி பூசியதுபோல் இருக்கிறது. கடையில் கொடுத்த மருந்தை 2 முறை அடித்தும் போகவில்லை. இன்னொரு முறை அடிக்கவா, மரத்தை வெட்டிவிடவா?”

வாசகி, கோவில்பட்டி வட்டாரம்

பதில்: இரண்டும் வேண்டாம். 3, 4 வருடம் காத்திருந்து காய்ப்புக்குக் கொண்டுவந்த மரத்தை இதற்காக வெட்ட வேண்டியதில்லை.

அது செதில் பூச்சி. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரமாகப் பிசுபிசுத்தால் உயிரோடு இருக்கிறது. தவிடுபோல் உதிர்ந்தால் செத்துவிட்டது. செத்த பூச்சி உடனே கீழே விழாது, மாதக்கணக்கில் கிளையிலேயே ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ‘மருந்து கேட்கவில்லை’ என்று திரும்பத் திரும்ப அடிப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு மரத்திலும் 10 இடத்திலாவது சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இலையில் இருக்கும் கறுப்பு வேறு. பூச்சி விடும் இனிப்புக் கழிவின் மேல் வளரும் கரும்பூசணம் அது. பூச்சி மருந்துக்குப் போகாது. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் கறுப்போடு சேர்ந்து உரிந்துவிடும். மேகமூட்டத்தில் அடிக்காதீர்கள்.

அந்த இனிப்புக்குத்தான் எறும்பு மரம் ஏறுகிறது. ஏறுவதோடு நிற்காமல், செதில் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. ஆகவே தரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். தண்டில் பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் மரத்துக்குக் கெடுதல்.

உயிருள்ள பூச்சி நிறைய இருந்தால், மோசமான குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கரைத்து இலையின் அடிப்புறமும் கிளையும் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்துப் பார்ப்பது நல்லது. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சியிருக்க வேண்டும், அடிப்பது சாயங்காலமாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கோடையில் வாடி நிற்கும் மரத்தில் சோப்போ எண்ணெயோ பட்டால் இலை கருகும். மெழுகு மூடாத குஞ்சுகள்தான் இதில் எளிதில் சாகும். அதனால் 15 நாள் கழித்து மறுபடி சுரண்டிப் பார்த்து, தேவையென்றால் மட்டும் இன்னொரு முறை.

கடுமையான விஷ மருந்து ஏன் வேண்டாம் என்கிறேன்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களை ஒருவகை வெள்ளைச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். 1940களில் டி.டி.டி. தெளித்தபோது வண்டு செத்தது, பூச்சி திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்று: வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் வேகமாக ஓடும் புழுவைப் பார்த்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால், பூச்சி ஒட்டிய ஒரு குச்சியைக் காகித உறையில் போட்டு வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகிவிடும்.