திறப்பைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

பிள்ளைகளைப் பார்க்கவென்று கனடாவுக்கும் லண்டனுக்கும் புறப்படும் பெற்றோர் நம்மிடையே பெருகிவிட்டனர். விசா கிடைத்த நாளிலிருந்தே ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. மிளகாய்த்தூள் இடிக்கப்படுகிறது. புழுக்கொடியலும் பனங்கட்டியும் பொதி செய்யப்படுகின்றன. பொதியின் எடை அளவைத் தாண்டுகிறதா என்று மூன்று முறை நிறுத்துப் பார்க்கப்படுகிறது. வீட்டு நாயின் விடயம் மட்டும் புறப்படுவதற்கு முதல்நாள் மாலைவரை எவர் நினைவுக்கும் வருவதில்லை. அப்போது அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, திறப்பையும் ஒரு பை அரிசியையும் கையில் கொடுத்து, "நேரத்துக்குச் சோறு வைத்துவிடு தம்பி" என்று சொல்வதோடு மூன்று மாதப் பொறுப்புக் கைமாறிவிடுகிறது.

கைமாறுவது பொறுப்பு மட்டுமே. அதிகாரம் கைமாறுவதில்லை. இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறே அதுதான் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்தில் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தினர் ரொறன்ரோ சென்றிருந்த வேளையில் அவர்களுடைய நாய் உண்ணாமல் படுத்துவிட்டது. அதனைப் பார்த்துக்கொண்ட அயல்வீட்டு அம்மா, நாயின் முரசு வெளிறிப்போயிருந்ததையும் கவனித்திருக்கிறார். நமது பகுதிகளில் உண்ணிக் காய்ச்சலுக்கு இது அறிந்த அறிகுறி. காலந்தாழ்த்தாமல் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம். ஆனால், ஓட்டோவுக்கு யார் பணம் கொடுப்பது? வைத்தியருக்கு யார் கொடுப்பது? ஊசி போட்ட பின் ஏதேனும் நடந்துவிட்டால் யாருக்கு மறுமொழி சொல்வது? கோடை காலத்தில் இங்கே நண்பகல் 12 மணி என்றால் ரொறன்ரோவில் அதிகாலை 2.30. உறங்குபவர்களை எழுப்ப மனமின்றி அவர் மாலைவரை காத்திருந்தார். மாலையில் அழைத்தபோது எவரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நாய் இறந்தது. "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்று உரிமையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். அந்த அம்மா இன்றுவரை அந்தப் படலையைத் தாண்டவில்லை. நான் அந்த அம்மாவின் பக்கம்தான். தன்னுடையதல்லாத ஓர் உயிருக்காகத் தன்னுடையதல்லாத பணத்தைச் செலவிடும் உரிமையை அவருக்கு எவரும் வழங்கியிருக்கவில்லை.

ஆகவே, சோற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் எழுதிக் கொடுக்கவேண்டியது ஒரு கடிதம். இன்ன பெயருடைய என் நாய்க்கு நான் இல்லாத காலத்தில் இவர் பொறுப்பாளர், இவ்வளவு தொகை வரை என்னைக் கேளாமலே சிகிச்சைக்குச் செலவிடலாம், இவர் எடுக்கும் முடிவு என் முடிவு என்று கையொப்பமிட்டு, அதன் பிரதியொன்றை வழமையான மிருக வைத்தியரிடமும் கொடுத்துவிட வேண்டும். பணத்தையும் ஓர் உறையிலிட்டு முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும். பிழைக்காது என்று வைத்தியர் கூறும் நிலையில் என்ன செய்வது என்பதையும் வாய்விட்டுப் பேசிவிடுவதே நல்லது. அபசகுனமாகப் பேசுவதாக வீட்டிலுள்ளோர் முகஞ்சுழிக்கலாம். அந்த முகச்சுழிப்பைத் தவிர்ப்பதற்காக அந்தச் சுமையை அயலவர் தலையில் ஏற்றுவது எவ்வகையில் நியாயம்?

புலம்பெயர்ந்த நாடுகளில் சட்டமே இதனைப் பேசுகிறது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், தற்காலிகமாகப் பொறுப்பேற்பவரையும் பொறுப்பாளர் என்றே கொள்கிறது. 2018 முதல் அங்கே பிறருடைய நாயைக் கட்டணம் பெற்றுத் தம் வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள் உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் பெறவேண்டும். நமது ஊரில் இருப்பது அயலவரின் நல்லெண்ணம் மட்டுமே. அதற்கேனும் உதவியாக நாம் நடந்துகொள்ள வேண்டாமா?

அடுத்தது அறிவு. நாயைப் பற்றி நாம் அறிந்தவை நம் தலைக்குள் இருக்கின்றன, தாளில் இல்லை. மிஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றிக் குழைத்து வைப்பது நமது வழக்கம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் செங்கலங்களைச் சிதைப்பவை என்பது பலருக்குத் தெரியாது. சமைத்த கோழி எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது. பூனை சோர்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு பனடோல் குளிசையைக் கொடுத்தால் அதுவே அதற்கு எமனாகிவிடும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கிச் சிரமப்பட்டால் மறுநாள்வரை காத்திருக்க இயலாது. கொழுத்த பூனை இரண்டொரு நாள் உண்ணாவிட்டால் ஈரல் பழுதடையத் தொடங்கலாம். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போக அரைமணி நேரம் போதும். (கனடாவிலிருந்து திரும்பும்போது அயலவருக்கு நாம் கொண்டுவரும் சொக்லேட்டும் நாய்க்கு நஞ்சே. அதனையும் எழுதிவிடுங்கள்.)

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி காலாவதியாகியிருந்தால் போட்டுவிட்டே புறப்பட வேண்டும். பழகாத ஒருவரை நாய் கவ்விவிடுவது நடக்கக்கூடியது. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். அந்த நோய் வெளிப்பட்ட பின் மருந்தில்லை.

வீட்டைப் பொறுத்தவரை, நமது வளவுகளில் முதலில் பார்க்கவேண்டியது கிணறு. கட்டுத் தாழ்ந்த கிணற்றுக்கு மூடியிடுங்கள். எலி மருந்தையும் பூச்சிகொல்லியையும் பூட்டி வையுங்கள். வெட்டிய அலரிக் கொப்புகளை முற்றத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எசமானரைத் தேடும் நாய் முதல் சில நாட்களிலேயே வெளியே பாய்கிறது. எனவே படலைக் கொழுக்கி இறுக்கமாக இருக்கட்டும். நகையும் உறுதியும் உள்ள அறையைப் பூட்டித் திறப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது அவமதிப்பு அன்று. நாளை ஒரு காப்பு காணாமற்போனால் அந்தப் பிள்ளைமீது பழி விழாதிருப்பதற்கான காவல் அது. அவர் இரவில் தங்குவார் என்பதை அயலுக்கும் சொல்லிவிடுங்கள். போர்க்காலக் கொழும்பில் தமிழர் ஒருவர் மற்றவர் வீட்டில் தங்குவதென்றால் பொலிஸில் பதிவு தேவைப்பட்டது. இன்று ஒரு வார்த்தை போதும்.

நாயைப் பழக்குவதற்கு ஒரு வாரமேனும் வேண்டும். வருபவர் முதலில் உங்கள் முன்னிலையில் சோறு வைக்கட்டும். பின்னர் நீங்கள் இல்லாதபோது வைக்கட்டும். ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கிப் பாருங்கள். ஏதேனும் பிழைத்தால் திரும்பி வந்துவிடக்கூடிய தூரத்தில் நீங்கள் இருக்கும்போதே பிழைக்கட்டும். புறப்படும் நாளில், உடுத்த பழைய சாரமொன்றைத் துவைக்காமல் நாயின் படுக்கையில் போட்டுவிடுங்கள். தீபாவளியோ சித்திரைப் புத்தாண்டோ இடையில் வருமானால் வெடிச்சத்தத்துக்கு அது எங்கே ஒளியும் என்பதையும் காட்டிவிடுங்கள்.

மனிதர்களே இடம்பெயர்ந்து தவித்த மண்ணில் நாய்க்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்போர் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். கழற்ற நேரமின்றி வந்தவர்களும் இருந்தார்கள். அந்த இரவில் எவரிடம் எதனை ஒப்படைக்க முடிந்தது? அவர்களில் எவரையும் எவரும் குறைகூற இயலாது. இப்போது நாம் புறப்படுவது அப்படியன்று. திரும்பிவரும் திகதி பயணச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு சொல். அயலவருக்குக் காசு கொடுப்பது அவரைக் குறைத்து மதிப்பதாகும் என்ற எண்ணம் நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. மூன்று மாதம், நாளொன்றுக்கு இருவேளை வந்து போகும் உழைப்பை இலவசமாகப் பெறுவதற்கு அது வசதியான எண்ணமும்கூட. தொகையைப் புறப்படும் முன்னரே பேசி, பாதியை முற்பணமாகக் கொடுத்துவிடுங்கள். திரும்பிய அன்று மிகுதியைக் கொடுப்பதோடு அன்றைய மாலைச் சோற்றையும் அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் பார்த்த பிள்ளையை ஒரே நாளில் படலைக்கு வெளியே நிறுத்தினால், நாய் மறுபடியும் ஒருவரைத் தேடத் தொடங்கிவிடும்.