சங்கரன்கோவில் சைக்கிள்காரர்களே... ஜாக்கெட் அப்புறம், முதல்ல லைட்டை வாங்குங்க!

கார்த்திகை பிறந்ததும் யூடியூப்பில் ‘குளிர்கால சைக்கிளிங்’ என்று தேடிப் பாருங்கள். தெர்மல் உள்ளாடை, கம்பளிக் கையுறை, காற்று புகாத ஜாக்கெட், ஷூவுக்கு மேலே ஒரு உறை என்று வாங்கச் சொல்லிக்கொண்டே போவார்கள். லண்டனுக்கும் லடாக்குக்கும் அது சரி. சங்கரன்கோவிலில் அதிகாலைக் குளிர் என்பது 20 டிகிரியை ஒட்டிய குளிர், அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கழுகுமலை ரோட்டில் மிதித்தால், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் உள்சட்டை வேர்வையில் ஊறிவிடும். அப்புறம் டீக்கடையில் நிற்கும்போது அடிக்கிற குளிர் இருக்கிறதே, அது அந்த ஈரச் சட்டை தருகிற குளிர்.

அப்படியானால் இங்கே சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் குளிர்காலம் ஒரு பிரச்சினையே இல்லையா? பிரச்சினைதான். ஆனால் தெர்மாமீட்டரில் தெரிகிற பிரச்சினை இல்லை. ஐப்பசியில் மழை, கார்த்திகையில் சேறு, மார்கழியில் இருட்டு, தை மாசியில் பனிமூட்டம். இதில் உயிருக்கு உலை வைப்பது இருட்டும் பனிமூட்டமும்தான். கையில் இருக்கிற பணத்தை முதலில் அதற்குச் செலவழிப்பதே நியாயம்.

தையிலும் விடியாத காலை

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 வாக்கில் வருகிறது. ‘அதுக்கப்புறம் சீக்கிரம் விடிஞ்சிரும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பக்கத்தில் அப்படி நடப்பதில்லை. சங்கரன்கோவிலில் ஜூன் தொடக்கத்தில் 6 மணிக்கு உதிக்கும் சூரியன், டிசம்பர் 21-ல் சுமார் 6.30-க்கு உதிக்கிறது. அதோடு நிற்பதில்லை. ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடுகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் நடுவே இந்த இழுபறி. பகல் நீள ஆரம்பித்த பிறகும் காலை மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது.

சைக்கிள்காரர் கணக்கில் சொன்னால்: ஜூனில் காலை 5.40-க்குக் கிடைக்கும் வெளிச்சம் ஜனவரி கடைசியில் 6.20-க்குத்தான் கிடைக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும், சரி. வெளிச்சம் பிறக்க 6.20 ஆகும். ஆனால் அலாரம் வருடம் முழுக்க ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது. மார்கழியில் கோவில் ஒலிபெருக்கியும் வாசல் கோலமும் ஊரை நாலரைக்கே எழுப்பிவிடுவதால், ‘விடிஞ்சிருச்சு’ என்ற நினைப்பில் கும்மிருட்டில் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு.

அந்த நேரத்தில் ரோட்டில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். மேற்கே புளியங்குடி வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, மகரவிளக்கு முடியும்வரை சபரிமலை வாகனங்களின் பாதை. அதிகாலை ஐந்து மணிக்கு அங்கே வரும் வேன் ஓட்டுநர் இரவு முழுக்கத் தூங்காமல் ஓட்டி வந்தவராக இருக்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். விளக்கில்லாத சைக்கிள் முப்பது மீட்டர் தூரத்தில்தான் அவர் கண்ணில் பட்டால், அவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிகூட இல்லை. சைக்கிளை ஒரு பொழுதுபோக்காக ஓட்டுகிறவர் இந்த இரண்டு மாதமும் இருட்டில் அந்த ரோட்டை விட்டுவிடுவது நல்லது. ஆறேகாலுக்குக் கிளம்பினால் குடியொன்றும் முழுகிவிடாது.

பனிமூட்டம் மழை ஓய்ந்த பிறகு வருவது. குளமும் நிலமும் ஈரமாக இருக்கும். வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவில் தரை சூட்டை இழந்துவிடும். ஈரம் அப்படியே தாழ்வாகப் படியும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த நாட்களைத்தான். பனிமூட்டத்தில் முன்விளக்கு வழி காட்டாது. வெளிச்சம் சிதறிக் கண்ணைத்தான் மறைக்கும். அங்கே விளக்கின் வேலை நம்மை மற்றவர்களுக்குக் காட்டுவது. அதனால் பின்னால் சிவப்பு விளக்குதான் முதல் தேவை. விட்டுவிட்டு எரியும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருபவருக்குக் கணிப்பது கஷ்டம். ஒன்றாவது நிலையாக எரியட்டும். பெடலில் ரிஃப்ளெக்டர் இருந்தால் இன்னும் நல்லது. மேலும் கீழும் ஆடும் ஒளியைப் பார்த்ததும் ‘சைக்கிள்’ என்று மூளைக்குப் புரிந்துவிடும். பாதயாத்திரை பக்தர்களின் பையில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஸ்டிக்கர் மட்கார்டிலும் ஒட்டும்.

கரிசல் சேறும் தேங்காய் எண்ணெயும்

மட்கார்டு இருந்தால்தானே ஒட்டுவது? இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் அது கிடையாது. ஸ்டைலாக இருக்கும், மழை வரும்வரை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் மண். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு, பிரேக் கட்டையில் அடைத்துக்கொண்டு, பத்தடியில் சக்கரத்தையே நிறுத்திவிடும். அதனால் மழைக்கு மறுநாள் வண்டிப்பாதையில் குறுக்கு வழி தேட வேண்டாம். சுற்றுவழியானாலும் தார் ரோடுதான். தார் ரோட்டுக்கு அகலமான மட்கார்டு போதும். ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே ஒருமுறை லேசாகப் பிடித்து விட்டால் ரிம்மில் உள்ள தண்ணீர் வழிந்துவிடும்.

செயினுக்கு வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயை விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே செயினில் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய்கூட இதைவிடப் பரவாயில்லை.

ஜனவரி, பிப்ரவரியில் இன்னொரு சமாச்சாரம்: அறுவடை. மக்காச்சோளத்தை ரோட்டில் காயப்போடுவார்கள், உளுந்துச் செடியை வண்டி ஏறட்டும் என்று பரப்பிவிடுவார்கள். களம் பத்தாத சம்சாரி வேறெங்கே போவார் என்று கேட்டால் பதிலில்லை. ஆனால் விடிகாலையில், பனியில் நனைந்த தட்டை மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். ஓரத்தில் வரம்பாக வைத்த கல் இருட்டில் தெரியாது. இதற்கும் வெளிச்சமே மருந்து.

பெருமழை நாளில் மட்டும் ஓட்டுவதா வேண்டாமா என்ற யோசனையே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்கள் பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால், 12 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவென்றாலும் இறங்கக் கூடாது. கலங்கிய தண்ணீருக்குக் கீழே ரோடு இருக்கிறதா என்றே தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், சங்கரன்கோவிலில் சைக்கிள் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று சுற்றுவட்டார காற்றாலைகளுக்குத்தான் கொண்டாட்டம். மேற்கே மிதிக்கிறவருக்குத் தண்டனை. குளிர்காலத்தில் காற்றும் தணிந்து வடகிழக்கிலிருந்து வரும். கழுகுமலைக்குப் போகும்போது கொஞ்சம் எதிர்காற்று, வெட்டுவான் கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் காற்று. உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய முழுக்கைச் சட்டை, காதை மூட ஒரு துணி, மாற்றிக்கொள்ள ஒரு உலர்ந்த பனியன். நெஞ்சில் குளிர் ஏறினால் ஒரு நாளிதழை மடித்துச் சட்டைக்குள் செருகலாம். பிரான்ஸ் மலைப் பந்தயங்களில் சரிவில் இறங்கும் வீரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

தாமதமாகக் கிளம்ப முடியாதவர்கள்

பின்லாந்தில் ஊலு என்றொரு நகரம். உறைபனியிலும் மக்கள் சைக்கிளில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறார்கள். குளிர்கால சைக்கிளுக்கென்றே நடக்கும் சர்வதேச மாநாடு 2013-ல் அங்கேதான் தொடங்கியது. அவர்களுடைய தோல் ஒன்றும் தடித்ததில்லை. சைக்கிள் பாதையில் பனியை உடனுக்குடன் அள்ளுகிறார்கள், பாதைக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஓட்டுகிறார்கள்.

நம் ஊரில் கியர் சைக்கிள் வைத்திருப்பவர் வேண்டுமானால் ஆறேகாலுக்குக் கிளம்பலாம். மல்லிகை பறிக்கப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், விசைத்தறியில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் ஆகியோருக்கு அந்தச் சலுகை இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, டிசம்பர் மாலை ஆறரைக்கு இருட்டில் கிராமத்துக்குத் திரும்பும் பிளஸ் 2 மாணவிக்கும் இல்லை. அவர் ஓட்டுவது பெரும்பாலும் அரசு கொடுத்த சைக்கிள். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு எல்லா பிளஸ் 1 மாணவர்களுக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. சைக்கிள் கொடுக்கிற அரசு, அதோடு சார்ஜ் செய்யும் ஒரு முன்விளக்கையும் சிவப்புப் பின்விளக்கையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கடையில் ஒரு ஜோடி சில நூறு ரூபாய். லட்சக்கணக்கில் வாங்கினால் இன்னும் குறையும். அடுத்த கல்வியாண்டின் டெண்டரில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.