வெல்ல ஆடுவதா? வேடத்துக்கு ஆடுவதா?

ஒரு மேசை. சுற்றிலும் நாலைந்து பேர். நடுவில் பகடைகள்.

ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் அந்தக் கதையில் ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள். ஒருவர் போர் வீரர். ஒருவர் மந்திரவாதி. இன்னொருவர் திருடர்.

"குகை வாசலில் ஓர் அரக்கன் நிற்கிறான். என்ன செய்வீர்கள்?" என்று கதை சொல்பவர் கேட்பார். தம் வேடத்துக்குத் தக்கபடி ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா, இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பந்தயப் பணம் கிடையாது.

இந்த வகை ஆட்டங்களில் பெரும் புகழ் பெற்றது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் இதை வெளியிட்டார்கள். முதலில் அச்சானவை 1,000 பிரதிகள்தான். 2024-ல் 50 ஆண்டு நிறைந்தபோது, அமெரிக்கத் தபால் இலாகாவே இதற்குத் தபால்தலை வெளியிட்டது!

ஆனால், ஐம்பது ஆண்டாகியும் ஒரு சண்டை மட்டும் ஓயவில்லை.

என்ன சண்டை?

"வேடத்தை உணர்ந்து ஆடுவதுதான் ஆட்டம்" என்பது ஒரு கட்சி. "விதிகளை நன்றாகப் படித்து, பலசாலியான ஆளை உருவாக்கி வெல்வதுதான் சாமர்த்தியம்" என்பது மறு கட்சி.

இது ஏன் வந்தது? ஆட்டத்தின் பிறப்பே அப்படி. பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து இது பிறந்தது. ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக, ஒரே ஒரு ஆளாக மாறி ஆடுவதுதான் இதன் புதுமை. தந்தை கணக்கு, தாய் கதை. பிள்ளை இருவரையும் கொண்டிருக்கிறது!

கணக்கும் லேசானதல்ல. பகடைக்கு 20 முகம். வெற்றிக்கு 15 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய திறமைக்கு 3 கூடும் என்றால், பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 100-க்கு 45 தடவை வெற்றி கிடைக்கும். திறமைக்கு 5 கூடுபவருக்கோ 100-க்கு 55 தடவை. தொடர்ந்து தோற்கிற ஆளால் தோழர்களுக்கும் ஆபத்து. ஆகவே, கணக்குப் பார்ப்பது குற்றமல்ல.

பகடை ஆடிய நாயனார்

பகடையில் வல்லவரைப் பற்றிய பழைய கதை ஒன்று நம் காவிரிக் கரையிலும் உண்டு.

கும்பகோணத்தை அடுத்தது தாராசுரம். அங்கே 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் இருக்கிறது. 63 நாயன்மார்களின் கதைகளும் அங்கே சிறு சிறு சிற்பங்களாக இருக்கின்றன. அந்த 63 பேரில் ஒருவர் மூர்க்க நாயனார்.

சென்னையை அடுத்த திருவேற்காட்டில் பிறந்தவர். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைந்தது. பிறகு சூதாடிப் பணம் தேடினார். அவர் ஆட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல், ஊரில் அவரோடு ஆட ஆளே இல்லாமல் போயிற்று! ஊர் ஊராகச் சென்று, கடைசியில் கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

முதல் ஆட்டத்தில் தோற்பார். அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வார். பணம் தர மறுத்தவரைக் கத்தியால் குத்துவார். அதனால்தான் அவருக்கு 'மூர்க்கர்' என்று பெயர். ஆனால், வென்ற பணத்தைத் தாம் தொடமாட்டார். அடியார்கள் உண்ட பிறகு, கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார்.

சூதும் கத்தியும் நமக்கு வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எப்போதும் வெல்பவருக்குத் துணைக்கு ஆள் மிஞ்சாது. இன்னொன்று, கணக்கில் அவர் புலி. ஆனால் கணக்கு அவரை ஆளவில்லை. 'சோறு போடுபவர்' என்ற அவர் குணத்துக்குக் கணக்கு ஏவல் செய்தது.

சட்டம் தீர்க்குமா?

இந்தச் சண்டையைத் தீர்க்க ஆட்டத்தை வெளியிடுவோரும் முயன்று வருகிறார்கள்.

2014-ம் ஆண்டு விதிநூலில், குணத்துக்கு ஏற்ப ஆடுபவருக்குப் பரிசு உண்டு. ஒரு பகடைக்குப் பதில் இரண்டு உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், அதே நூலில் திறமை எண்கள் பிறந்த இனத்தைப் பொறுத்துக் கூடின. முரட்டு இனத்துக்குப் பலம் கூடும், அறிவு கூடாது. அதனால் 'முரட்டு இனத்தில் பிறந்த படிப்பாளி' என்ற அருமையான வேடத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் ஒதுக்கினார்கள்.

2020-ல், எண்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழி வந்தது. 2024-ம் ஆண்டு விதிநூலில் இனம் போய், பழைய தொழில் வந்தது. உழவராக இருந்தவருக்குப் பலம், தேக உறுதி, விவேகம் கூடும். மந்திரவாதிக்கு வேண்டிய அறிவு கூடாது. ஆகவே, 'ஏர் பிடித்த கையால் மந்திரம் கற்றவர்' என்ற வேடத்துக்கு இப்போது நஷ்டம்!

ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கிறது. எண் இருக்கும்வரை கணக்குப் பார்ப்பவர் இருப்பார். சட்டத்தால் மட்டும் இது தீராது.

பேசினால் தீரும்

ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கூடிப் பேசிக்கொள்வது நல்லது. "சண்டை அதிகமா? கதை அதிகமா?" என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதி மனஸ்தாபம் வராது. கதை சொல்பவர் சம்மதித்தால், உழவருக்கும் அறிவு கூடும்படி புதிதாக வகுத்துக்கொள்ளலாம்.

ஆடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'என் ஆள் யார்?' என்பது. 'அவருக்கு எது நன்றாக வரும்?' என்பது அடுத்த கேள்வி. இந்த வரிசையில் கேட்டால் கணக்கும் வேடமும் மோதாது. தம்மால் எல்லாம் முடிந்தாலும், தோழருக்கும் ஒரு வாய்ப்பு விடுவது கெட்டிக்காரருக்கு அழகு.

தாராசுரத்தில் பட்டு நெய்கிறார்கள். பாவு தறியில் இறுக்கமாக நிற்கும். ஊடை அதன் குறுக்கே ஓடும். பாவு மட்டும் இருந்தால் அது நூல். ஊடை மட்டும் இருந்தால் சிக்கல். இரண்டும் சேர்ந்தால்தான் சேலை!