செலாடாங் முன்னால் ரிவால்வரா?

".44 மேக்னம் ரிவால்வர் கையில் இருந்தால் எந்த மிருகமும் எதிரே நிற்காது" என்று அடித்துச் சொல்கிறார் பிரிக்பீல்ட்ஸ் நண்பர். தவறு, ஆபத்தான தவறு. அந்தக் குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது அதன் ஆற்றல் சுமார் 1,300 ஜூல். பெருவிலங்கு வேட்டைக்கென 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைஃபிள் குண்டுக்கோ 5,500க்கும் மேல்.

செலாடாங் என்ற காட்டுமாட்டின் கடா ஆயிரம் கிலோவை எட்டும். தோள் எலும்பையும் தடித்த தசையையும் துளைத்து நுரையீரலை, இதயத்தைக் குண்டு தொட வேண்டும். குட்டைக் குழலில் கை மயிரிழை அசைந்தாலும் அது வயிற்றில் பாயும். காயம்பட்ட செலாடாங் புதரில் பதுங்கிப் பாயும் என்று பழைய வேட்டைக்காரர்களே அஞ்சினார்கள். அதை வேட்டையாடிய தியோடர் ஹப்பாக், பிறகு அதைக் காக்கப் போராடினார். தாமான் நெகாரா தேசியப் பூங்கா அப்படிப் பிறந்ததுதான்.

செலாடாங், புலி, யானை மூன்றும் இன்று மலேசியாவில் முழுப் பாதுகாப்பில் உள்ளவை. உரிமமில்லாத துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி.

செம்பனைத் தோட்டங்களில் பன்றித் தொல்லை உண்மைதான். அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் இருக்கிறது, உரிமம் பெற்ற ஷாட்கன்காரர்கள் இருக்கிறார்கள். கிள்ளான் இளைஞர்களிடம் ரிவால்வர் வீரம் பேசுவதை நண்பர் இன்றே நிறுத்த வேண்டும்.